காண்டிகையும் விருத்தியும்: தமிழ்க் கணினி விசைப்பலகை பற்றிய ஓர் ஆய்வு

நூலுக்கு எழுதப்படும் உரை காண்டிகை எனவும் விருத்தி எனவும் இருவகைப்படும் என்பது நன்னூற் பாயிரத்தால் அறியப்படும். நூற்பாவின் கருத்தையும் சொற்பொருளையும் எடுத்துக்காட்டையும் இன்றியமையாத வினாவிடையையும் தந்து அமைவது காண்டிகை. அவ்வளவில் நில்லாது, நூற்பாவில் வெளிப்படையாக இல்லாதனவும் அதனை விளக்க வேண்டுவனவும் ஆகிய பிறவற்றையும் விரித்து, ஐயம் அகலப் பொருளை நிலைநிறுத்துவது விருத்தி. நன்னூலுக்கே இவ்விரு வகை உரையும் உள. சங்கர நமச்சிவாயர் இயற்றிச் சிவஞான முனிவர் திருத்திய விருத்தியுரை ஒருபால். 19ஆம் நூற்றாண்டில் ஆறுமுக நாவலர் முதலியோர் வெளியிட்ட காண்டிகையுரைகள் மற்றொருபால்.

இவற்றுள் நாம் கருத வேண்டுவது ஒன்றுண்டு. உரை இரண்டாயினும் நூற்பா ஒன்றே. சிறு மாணவர்க்கென எளிய நூற்பாவும், முதிர்ந்தார்க்கென அரிய நூற்பாவும் பவணந்தியார் செய்திலர். காண்டிகை கற்றவன் பின்னாளில் விருத்தியை விரிக்குங்கால், தான் முன்பு நெட்டுருப் பண்ணிய அதே அடிகளையே அங்குக் காண்பான். கற்றதனுள் மறக்க வேண்டியது யாதும் இல்லை. கூட்டிக்கொள்ள வேண்டியதே உண்டு.

இலக்கண உரைமரபில் நெடுங்காலத்திற்கு முன்பே தெளிவுற்ற இச்செய்தி, இன்று கணினி மென்பொருள் வகுப்பார் நடுவே பெருஞ்சிக்கலாக நிற்கின்றது. மென்பொருளுக்கும் அதனைக் கையாள்வார்க்கும் இடைநின்று இருவரையும் இணைக்கும் முகப்பினை இடைமுகம் என்பர். அம்முகப்பு, நேற்றுத் தொடங்கியவனுக்கும் இருபதாண்டு பழகியவனுக்கும் ஒருங்கே பயன்படுதல் வேண்டும். எளியவனுக்கு இசைய எல்லாவற்றையும் குறைத்தால் வல்லவன் கைகள் கட்டுண்கின்றன. வல்லவனுக்கு இசைய எல்லாவற்றையும் பரப்பினால் எளியவன் மருண்டு நிற்கின்றான். 1984ஆம் ஆண்டில் ஐ.பி.எம். நிறுவனத்து ஆய்வாளராகிய ஜான் கேரலும் கரோலைன் கேரிதர்சும் ஓர் ஆய்வு வெளியிட்டனர். சொல் தொகுக்கும் மென்பொருளின் அரிய வினைகளைத் தொடக்கத்தார்க்கு அடைத்து வைத்தால், அவர்கள் பிழையில் சிக்கிக் காலம் இழப்பது குறைந்து விரைவிற் கற்கின்றனர் என்று அவர்கள் கண்டனர். மிதிவண்டி பழகும் சிறுவர்க்குப் பூட்டும் துணைச்சக்கரம் போல்வது இது. ஆயின் அடைக்கப்பட்ட வினைகள் தம் இடத்திலேயே இருந்தன என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. மைக்ரோசாப்டு நிறுவனத்தின் ஆபிசு 2000 என்னும் தொகுப்போ, அருகி வழங்கும் கட்டளைகளைப் பட்டியலினின்று தானே மறைத்தது. ஆதலின் நேற்று ஐந்தாவதாக இருந்த கட்டளை இன்று மூன்றாவதாகும். நாளை காணாமலும் போகும். அந்நிறுவனமே 2007ஆம் ஆண்டுப் பதிப்பில் அதன் முதன்மை மென்பொருள்களில் அம்முறையைக் கைவிட்டது. மறைத்தல் பிழையன்று, இடம் மாற்றுதலே பிழை. காண்டிகை சிலவற்றைச் சொல்லாது விடும்; நூற்பாவின் எண்ணை மாற்றாது.

இவ்வளவைக் கொண்டு தமிழ் எழுதும் விசைப்பலகைகளை ஆராயப் புகுவோம். தமிழ்த்துறையினர் இதனைத் தம் துறைக்குப் புறம்பான தொழில்நுட்பச் செய்தி என்று ஒதுக்கி வந்துள்ளனர். அது தவறு என்பதே என் துணிபு. இன்று தமிழில் எழுதப்படுவனவற்றுள் மிகப் பெரும்பகுதி விசை வழியாகவே எழுதப்படுகின்றது. எழுத்ததிகாரத்தை விரல் நுனியில் வைத்திருக்க வேண்டியவர்கள், விரல் நுனியில் நிகழும் எழுத்ததிகாரத்தை நோக்காதிருத்தல் தகாது.

கணினியில் தமிழ் எழுதும் முறைகள் பெரும்பான்மையும் மூன்றனுள் அடங்கும். ஒன்று, பழைய தட்டச்சுப் பொறியின் வரிசையை அவ்வாறே கணினிக்குக் கொணர்ந்தது. இரண்டாவது, ஆங்கில எழுத்தால் ஒலியை எழுதத் தமிழாக மாற்றித் தருவது. மூன்றாவது, 1999ஆம் ஆண்டு பெப்ருவரித் திங்களில் சென்னையில் நிகழ்ந்த தமிழ் இணைய மாநாட்டையொட்டி உருவாகி, அவ்வாண்டு சூன் திங்களில் தமிழ்நாட்டரசின் ஒப்புதல் பெற்ற ‘தமிழ்99’. மலேசியாவைச் சார்ந்த முத்து நெடுமாறனின் ‘முரசு அஞ்சல்’ முதலாய பல மென்பொருள்கள் இம்மூன்றனையும் ஒருங்கே வைத்து, வேண்டுவதைத் தேர்ந்துகொள்ள விடுகின்றன.

தட்டச்சு வரிசையைப் பற்றி நீட்டித்துச் சொல்ல வேண்டுவதில்லை. அது கண்ணால் காணும் வடிவத்தைப் பின்பற்றுவது. ‘கொ’ என்பதனை எழுதக் கொம்பு, ககரம், கால் என மூன்று விசை தட்ட வேண்டும். எழுத்து ஒன்று, தட்டு மூன்று. எனினும் இளநிலை, முதுநிலைத் தேர்வு எழுதி அதில் வல்லவரானார் பலர் நம் அலுவலகங்களிலும் அச்சகங்களிலும் உள்ளனர். திருவண்ணாமலையில் தேரடித் தெருவைச் சுற்றியுள்ள கடைகளில் மணவிழா அழைப்பிதழ் அச்சிடுவார் சிலரது கைவேகம் என்னைப் பலகால் வியப்பித்துள்ளது. அவர்களை வேறு வரிசைக்கு அழைத்தால் ஒரே நொடியில் தொடக்க மாணவராகிவிடுவர். எளியர், வல்லுநர் என்பன இருவகை மாந்தரைக் குறிக்கும் பெயர்கள் அல்ல. ஒருவரே வெவ்வேறு காலத்தில், வெவ்வேறு கருவியின் முன் நிற்கும் நிலைகள் என்பது இதனாற் பெறப்படும்.

இனி ஆங்கில வழி முறையை நோக்குவோம். இதனுள்ளும் இரு பிரிவு உண்டு. அஞ்சல் முறை போல்வன திட்டமான விதி உடையன. ஆங்கிலத்து ‘எல்’ சிற்றெழுத்தாயின் லகரம், பேரெழுத்தாயின் ளகரம் என்றாற்போல. அவ்விதியைக் கற்றவன் பிழையின்றி எழுதலாம். இதன்மேல் எனக்குள்ள குறை, தமிழ்ச் சொல்லை எழுதுமுன் ஆங்கில எழுத்தாகப் பிரித்து எண்ண வேண்டியிருக்கின்றது என்பது ஒன்றே. மற்றொரு பிரிவு, ஊகித்துச் சொற்பட்டியல் தருவது. செல்பேசி வழங்கும் மாணவர் பெரிதும் நாடுவது இதனையே. முதல் நாளிலேயே எழுதலாம். கற்க வேண்டுவது ஒன்றுமில்லை என்பர்.

இவ்வெளிமை யார்க்கு எளிமை என்பதே வினா. ‘மலை’ என எண்ணி ஆங்கில எழுத்துகளைத் தட்டியவன்முன் மலை, மழை, மாலை எனச் சொற்கள் நிற்கின்றன. ‘பள்ளி’ என எண்ணியவன்முன் பல்லியும் நிற்கின்றது. இவற்றுள் உரியது இதுவென அறிந்து தேர்தல் எழுதுவானது கடன். லகர ளகர ழகர வேறுபாடும், ரகர றகர வேறுபாடும் தெளிந்தவனுக்கு இப்பட்டியல் தீங்கு செய்யாது. தெளியாதவனோ முதலில் நிற்கும் சொல்லைத் தொட்டுவிட்டு மேலே செல்கின்றான். எளியவனுக்கென வகுக்கப்பட்ட கருவி, அவனால் இயலாத ஒன்றனையே அவன்மேல் சுமத்துகின்றது. தேர்வுத் தாளில் ‘மழையடிவாரம்’ என்று எழுதிய முதுகலை மாணவர் ஒருவரை யான் அறிவேன். பிறந்தது முதல் மலையின் அடியில் வாழ்பவர் அவர். மலையையும் மழையையும் அவர் வாய் மயங்காது; கைதான் மயங்கிற்று. கையெழுத்தால் எழுதிய காலத்தில் ழகரத்தின் சுழியை அவர் கை ஒவ்வொரு முறையும் வரைந்தாக வேண்டும். இப்பொழுது ழகரத்தைக் கை எழுதுவதே இல்லை, கண் தெரிந்தெடுக்கின்றது. காண்டிகை மட்டும் இருந்து நூற்பா இல்லாத நூலாக இம்முறையைக் கொள்ளலாம். எத்தனை ஆண்டு பயின்றாலும் அதன்கண் செல்வதற்கு விருத்தி ஒன்று இல்லை.

தமிழ்99 இதற்கு நேர்மாறானது. உயிர் பன்னிரண்டு, மெய் பதினெட்டு, புள்ளி ஒன்று ஆக 31 விசைகள். தொல்காப்பியர் கூறிய முதலெழுத்து முப்பதும் தனித்தனி விசை பெற்றன. சார்பெழுத்தாகிய ஆய்தத்திற்குத் தனி விசை இல்லை. புள்ளி விசையை மாற்று விசையொடு சேர்த்து அழுத்தினால் ஆய்தம் தோன்றும். உயிர்கள் இடக்கைக்கும், மெய்களுள் மிகப் பெரும்பாலன வலக்கைக்கும் உரியன. அ, இ, உ, புள்ளி, எ என்பனவும் க, ப, ம, த, ந, ய என்பனவும் விரல் இயல்பாகத் தங்கும் நடுவரிசையில் அமைந்துள்ளன. மெய்யை முன்னும் உயிரைப் பின்னும் தட்டினால் உயிர்மெய் பிறக்கும். கொம்பும் காலும் எங்கு நிற்பன என்பது எழுதுவானது கவலையன்று. ‘கொ’ என்பதற்குக் ககரமும் ஒகரமும் ஆக இரண்டு தட்டே. இந்திய மொழிகட்கெல்லாம் பொதுவாக வகுக்கப்பட்ட இன்ஸ்கிரிப்ட்டு வரிசையில் ஆகாரத்திற்கு ஓரிடமும் அதன் காலுக்கு வேறோரிடமும் தரப்பட்டன. தமிழ்99 வரிசையிலோ ஒரே விசை, சொல்முதலில் உயிராகவும் மெய்யின் பின் அதன் குறியாகவும் நிற்கும். உயிர், தனித்தும் மெய்யோடு கூடியும் வரினும் ஒன்றே என்னும் இலக்கணம் இவ்வமைப்பில் விளங்குகின்றது.

இதனினும் சிறந்தது புள்ளி பற்றிய அமைப்பு. ஒரே மெய் அடுத்தடுத்து இருமுறை வரின் முதல் மெய் தானே புள்ளி பெறும். ங-க, ஞ-ச, ண-ட, ந-த, ம-ப, ன-ற என மெல்லெழுத்தின் பின் அதன் இன வல்லெழுத்து வரினும் அவ்வாறே. முன்னது உடனிலை மெய்ம்மயக்கம். பின்னது வேற்றுநிலை மயக்கத்துள் இனவெழுத்து மயக்கம். நூன்மரபில் பாடம் சொல்லும் ஆசிரியர், மாணவன் விரலில் அதே விதி இயங்குவதை இங்குக் காட்டலாம். ‘கங்கை’ என எழுத க, ங, க, ஐ என நான்கு தட்டு. ‘கன்று’ எனற்கும் நான்கே. ‘திருவண்ணாமலை’ எனற்கு 11 தட்டுகள் போதும். அஞ்சல் முறையில் அதே பெயருக்கு 16 ஆங்கில எழுத்துகள் வேண்டும். அவற்றுள் இரண்டு பேரெழுத்து. (இவ்வூர்ப் பெயரில் உள்ள ‘ணா’, ‘லை’ ஆகிய இரண்டும் 1978ஆம் ஆண்டின் எழுத்துச் சீர்திருத்தத்தால் வடிவு மாறியவை. அவற்றின் பழைய வடிவை எழுதவும் விசையில் தட்டும் முறை இதுவேயாகும். மாற வேண்டுவது எழுத்துரு மட்டுமே.)

தொல்காப்பியர் கூறிய மயக்கம் இன்னும் பல உளவே, அவற்றுக்கெல்லாம் புள்ளி தானே தோன்றாதது ஏன் எனின், அதற்கும் காரணம் உண்டு. ட, ற, ல, ள என்னும் புள்ளிகளின் முன் க, ச, ப வரும் என்பது விதி. ‘வெட்கம்’ என்பதில் ட் புள்ளி பெற்றது; ‘படகு’ என்பதில் அதே ட-க அடுத்தடுத்து வந்தும் புள்ளி இல்லை. இரண்டும் வழக்கில் மிகுதி. ங-க, ன-ற முதலியவற்றிலோ புள்ளியோடு வருதலே பெருவழக்கு. புள்ளியின்றி வருதல் அருகிய வழக்கு. இலக்கணம் எது கூடும் என்று சொல்லும். விசைப்பலகைக்கு எது மிகுதி என்பதும் வேண்டும். இரண்டனையும் ஒப்பவைத்து நோக்கி ஆறு இணைகளை மட்டும் தேர்ந்த அறிவு பாராட்டுதற்கு உரியது.

இன்னொரு நயமும் கூறத்தக்கது. இவ்விதிகளை அறியாத தொடக்கத்தான், ஒவ்வொரு மெய்க்கும் தானே புள்ளி இட்டு எழுதினும் எழுத்துப் பிழைபடாது. ங, புள்ளி, க, ஐ எனத் தட்டினும் வருவது ‘ங்கை’யே. விதி அறிந்தவன் ஒரு தட்டுக் குறைவாகத் தட்டுகின்றான், அவ்வளவே வேறுபாடு. எளியவனுக்குத் தனிப்பலகை இல்லை, வல்லவனுக்குத் தனிப்பலகை இல்லை, ஒன்றினின்று மற்றொன்றிற்குச் செல்லக் கடக்க வேண்டிய வாயிலும் இல்லை. ஒரு நூற்பாவிற்கு இரண்டு உரை என்று முன்னர்க் கூறியது இதனையே கருதி.

ஆயின் இத்துணைச் சிறப்புடைய தமிழ்99, அரசொப்புதல் பெற்றுக் கால் நூற்றாண்டு கழிந்தும் மாணவரிடையே ஏன் பரவவில்லை? அயன்மொழி மோகம் என்று பழி கூறி அமைவது எளிது. யான் அவ்விடை கொண்டு நிறைவு பெறவில்லை. குறை, பலகையை ஏற்று வரும் மென்பொருள்களிலேயே உள்ளது.

ஓர் எடுத்துக்காட்டுத் தருவேன். இவ்வூரில் சில ஆண்டுகளுக்கு முன் ஒரு பொதுவிருந்திற்கு அழைப்பு அச்சிட்டனர். எல்லாச் சமூகத்தாரும் ஒரே வரிசையில் அமர்ந்து உண்ணும் ‘சமபந்தி விருந்து’ என்பது அவர் கருதியது. அச்சாகி வந்ததோ ‘சம்பந்தி விருந்து’. ஊரார் எல்லாரும் ஒரே நாளில் கொண்டான் கொடுத்தான் முறையினராயினர் என்று நகைத்தோம். நடந்தது யாதெனில், ம-ப அடுத்து வந்தமையின் பலகை தன் விதிப்படி மகரத்திற்குப் புள்ளி இட்டுவிட்டது. மகரத்தின்பின் அகர விசையை ஒருமுறை தட்டியிருப்பின், திரையில் யாதும் தோன்றாதாயினும் புள்ளி தடுக்கப்பட்டிருக்கும். ‘சமபங்கு’ எனற்கும் இதுவே முறை. மெய்யோடு அகரம் கூடினால் வடிவு திரியாது என்னும் இலக்கணம் தெரிந்தவர்க்கு இவ்வகர விசை எத்துணை அழகிய அமைப்பு என்பது விளங்கும். ஆனால் அதனைத் தட்டச்சர்க்கு யார் சொன்னார்? மென்பொருள் சொல்லவில்லை. புள்ளி தானே தோன்றிற்று. ஏன் தோன்றிற்று, எங்ஙனம் நீக்குவது என்னும் வினாவிற்கு விடை திரையில் எங்கும் இல்லை. காண்டிகைக்கு உரியதென நன்னூலார் எண்ணிய வினாவிடை இங்கு இல்லை. ஆங்கில வழிக்கு நூற்பா இல்லாதது குறையெனின், தமிழ்99 மென்பொருள்களுக்குக் காண்டிகை இல்லாதது குறை.

மற்றொன்று. சொல்லின் முதலில் மெய் தனித்து வாராது. இது தமிழின் அடிப்படை. ஆகவே நதி, மமதை போன்ற சொற்களில் முதலெழுத்துப் புள்ளி பெறுதற்கு இடமே இல்லை. இதனைக் கருதாது செய்த மென்பொருளில் ‘நதி’ எழுதப் புகுந்தவன்முன் ‘ந்தி’ வந்து நிற்கும். மொழிமுதல் விதியைச் சேர்த்துக்கொள்வதில் மென்பொருள் செய்வார்க்கு இடர் யாதும் இல்லை. தமிழாசிரியரை அவர் கேட்டிலர். தமிழாசிரியரும் சென்று சொல்லிலர். பிழை இருபாலும் உண்டு.

பலகையின் அமைப்பிலேயே எனக்கு உடன்பாடில்லாதது ஒன்றுண்டு. தமிழுக்குச் சிறப்பெழுத்தெனப் போற்றப்படும் ழகரத்தை வலக்கைச் சுண்டுவிரல் கீழ்வரிசையில் வளைந்து தொட வேண்டிய மூலையில் வைத்தனர். லகரத்தினும் ழகரம் வழக்கிற் குறைவு என்பது உண்மையே. கணக்குப் பார்த்தால் அவர் செய்தது சரியாகலாம். மனம் ஒப்பவில்லை என்பதோடு நிறுத்துகின்றேன். செல்பேசியிலோ சிக்கல் வேறு. பத்து விரலுக்கென வகுத்த 31 விசைகளை உள்ளங்கை அகலத் திரையில் நெருக்கி வைத்து, இரு கட்டைவிரலால் தட்டச் சொல்வது நியாயமன்று. சில செல்பேசிப் பலகைகள் ஒரு மெய்யைத் தொட்டவுடன் உயிர் வரிசை முழுவதையும் கா, கி, கீ என உயிர்மெய்யாக மாற்றிக் காட்டுகின்றன. இது நல்ல காண்டிகை. குறிய வடிவங்கள் பெயராது தத்தம் இடத்திலேயே மாறுதலின் பழகியவன் திரையைப் பாராமலும் தொடலாம்.

எழுதும் கருவிக்கு உரிய இவ்வளவை படிக்கும் கருவிக்கும் பொருந்துவதைக் காணலாம். புதுச்சேரியிலுள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனமும் தொலைகிழக்கு நாடுகட்கான பிரெஞ்சுப் பள்ளியும் 2007ஆம் ஆண்டு வெளியிட்ட ‘கணினித் தேவாரம்’, ழான்-லுக் செவியாரும் எஸ்.ஏ.எஸ். சர்மாவும் பதிப்பித்தது. தேவார மூலமும், வி.மு. சுப்பிரமணிய ஐயரின் ஆங்கில விளக்கமும், சொற்கள் யாண்டெல்லாம் பயின்று வருவன எனக் காட்டும் சொல்லடைவும் அதன்கண் உள்ளன. திருவண்ணாமலைக்குரிய ஞானசம்பந்தர் பதிகம் இரண்டனையும் நாவுக்கரசர் பதிகம் மூன்றனையும் ஓத விரும்பும் அடியவரும், ‘அண்ணாமலை’ என்னும் சொல்லாட்சியைத் தேடும் ஆய்வாளரும் வந்து சேரும் பாடல் ஒன்றே. பாடல் எண்ணும் ஒன்றே. அடியவருக்கெனச் சுருக்கிய பதிப்பு ஒன்றும் ஆய்வாளருக்கென விரித்த பதிப்பு ஒன்றும் தனித்தனியே செய்திருப்பின், ஓதுவார் ஒருவர் ஒருநாள் ஒரு சொல்லில் ஐயுற்று அடைவைப் புரட்டும் வாய்ப்பு அடைபட்டிருக்கும்.

குரலைக் கேட்டு எழுதும் கருவிகள் வந்துவிட்டன, விசைப்பலகை ஆராய்ச்சி இனி எதற்கு என்று கேட்பாரும் உளர். பேசுவான் ழகரத்தை ளகரமாக ஒலித்தும், கருவி சூழலை நோக்கிச் சரியாக எழுதித் தருவதைக் கண்டிருக்கின்றேன். அது கருவியின் தமிழறிவு, பேசினவனது அன்று. எழுதுவானுக்கு ஒன்றும் கற்பியாது எழுதித் தரும் முறை என்னும் வகையில் அது ஊகப்பட்டியலுக்கு அடுத்த படியே ஆகும். அலுவல் கடிதம் எழுதுவார்க்கு அது போதுமானதாகலாம். தமிழ் கற்க வந்த மாணவர்க்கு அவ்வாறு அன்று.

கடந்த மூன்றாண்டுகளாக யான் நன்னூல் எழுத்ததிகாரம் நடத்தும் வகுப்பில், மெய்ம்மயக்கம் முடிந்த மறுநாள் ஆறு இணைகளையும் கரும்பலகையில் எழுதி, மாணவரைக் கணினியின்முன் அமர்த்துவது வழக்கம். முதல் வாரத்தில் அவர்கள் படும் இடர் மிகுதி. ஆங்கில வழியில் ஒரு பக்கம் எழுதும் நேரத்தில் இங்கு நான்கு வரியும் எழுதமாட்டாமல் சலிப்பர். சிலர் விட்டுவிடுவதும் உண்டு. நிற்பவர்கள், ‘சமபந்தி’ என்னும் சொல்லை யான் வேண்டுமென்றே எழுதக் கொடுக்கும் நாளில், புள்ளி தோன்றக் கண்டு கையை எடுத்துவிட்டுத் திரையையே பார்ப்பர். சற்று நேரத்தில் எவரேனும் ஒருவர் அகர விசையைத் தட்டுவர். அது எதனால் என்று கேட்டால், மெய்யோடு கூடிய அகரத்திற்கு வரிவடிவு இல்லை ஐயா, ஆனால் அகரம் உண்டு என்று விடை வரும்.